நூற்றொரு கண்ணி, லாக் தனி

இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று வரும் எண்களோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டு, கடைசிவரை சமாதானத்துக்கு வராத ஒரே மனிதர் திண்டுக்கல் நாகல் நகரில்தான் இருந்தார். மற்றவர்கள் பங்காளியோடும் பக்கத்து வீட்டோடும் சண்டை போட்டு ஒரு கட்டத்தில் ஓய்ந்துபோவார்கள். இவருக்கு ஓய்வே கிடையாது. உலகத்தில் பாதி எண்கள் அவருக்கு எதிரி. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஒத்தப்படையார்.

தொழில் பைக் மெக்கானிக். பட்டறை என்று பார்த்தால் தகரக் கொட்டகை, முன்னால் ஒரு வேப்பமரம், மரத்தடியில் உட்கார மூன்று ஸ்டூல். நான்காவதாக ஒரு ஆள் வந்தால் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். தொழில் தொடங்கியபோது பன்னிரண்டு ஸ்பானர் உள்ள செட் ஒன்று வாங்கினாராம். பன்னிரண்டைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அதிலிருந்து பதினான்காம் நம்பர் ஸ்பானரை எடுத்து அடுத்த கடைக்காரருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் பதினான்காம் நம்பர் நட்டு வரும்போதெல்லாம் அந்தக் கடை வாசலில் போய் நின்று தன் ஸ்பானரையே இரவல் கேட்பார். அடுத்த கடைக்காரரும் கொஞ்ச நாளில் கெத்தாக யோசித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒருமுறை அவரோடு ஓட்டலுக்குப் போயிருந்தேன். மூன்று இட்லி கேட்டவருக்கு நான்கை வைத்துவிட்டார்கள்.

"ஒண்ண எடுத்துருப்பா" என்றார் சப்ளையரிடம்.

"வச்சத எடுக்க முடியாதுண்ணே. வேணாம்னா தட்டுலயே விட்டுட்டுப் போங்க."

"விட்டுட்டுப் போனா மட்டும் தட்டுல நாலு வச்சது இல்லேன்னு ஆயிருமா?"

சப்ளையர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். ஒத்தப்படையார் சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரில் செம்பட்டியிலிருந்து ஏதோ வேலையாக டவுனுக்கு வந்த ஒரு விவசாயி. அவர் தட்டில் இரண்டு இட்லி. இவர் ஒன்றை எடுத்து அந்தத் தட்டில் வைத்து, "கோவிச்சுக்கிறாதீக. இப்ப ஒங்களுக்கு மூணு, எனக்கு மூணு. ரெண்டு குடும்பமும் நல்லாருக்கும்" என்றார். கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற முகத்தோடு சொன்னதால் அந்த மனிதர் மூன்றையும் சாப்பிட்டார். அதற்கப்புறம் பைக் ரிப்பேர் என்றால் செம்பட்டியிலிருந்து இவரிடம்தான் கொண்டுவந்தார்.

தெருவில் ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்தது. தெருவே மிட்டாய் தின்றது. இவர் மட்டும் கவலையோடு வாசலில் நின்று விரல் விட்டுப் பார்த்தார். தாய், தகப்பன், பிள்ளைகள் இரண்டு. மறுநாள் காலையில் ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பூனை அந்த வீட்டில் பதினோரு வருஷம் இருந்ததாம், ஒரு எலியைக்கூடப் பிடிக்காமல்.

கார் வேலைக்கு அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். நான்கு சக்கரம். ஒருநாள் நான் வாயைக் கொடுத்தேன்.

"பைக்குக்கும் ரெண்டு சக்கரம்தானண்ணே?"

"ஓட்டுறவன விட்டுட்டு எண்ணுறியே தம்பி. நிறுத்தி வச்ச பைக்கு வெறும் இரும்பு. ஆளு ஏறுனாத்தான் வண்டி. அப்ப மூணு."

"அப்ப காருக்கும் ஆளச் சேத்தா அஞ்சுதான?"

"பக்கத்துல பொண்டாட்டி ஏறுனா ஆறு. காரு வாங்குறவன் பொண்டாட்டிய ஏத்தாம இருப்பானா?"

இதே காரணத்தால் அவர் தன் மனைவியைப் பைக்கில் ஏற்றியதே இல்லை. இரண்டு சக்கரம், இரண்டு ஆள், நான்கு. வெளியே போவதென்றால் ஆட்டோதான். மூன்று சக்கரம், டிரைவரோடு சேர்த்து மூன்று பேர். மூன்றும் மூன்றும் ஆறு என்று எனக்கு உடனே தோன்றியது. சொன்னால் அந்த அம்மாவை நடக்க விட்டுவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

காரணம் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வார். "ரெட்டப்படை நடுவுல ஒரு கோடு போட்டாப் போதும், ரெண்டா பிரிஞ்சு ஆளுக்கொரு பக்கமா நின்னுக்கிரும். ஒத்தப்படையப் பிரி பாப்போம். ஒண்ணு நடுவுல நின்னுக்கிட்டு ரெண்டு பக்கத்தையும் புடிச்சுக்கிரும்." இதைச் சொல்லும்போது அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

இவரிடம் என் பிழைப்பு மாட்டிக்கொண்ட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நான் கால்நடை ஆய்வாளர். டாக்டர் இல்லை, ஆனால் ஊர்க்காரர்கள் 'ஊசி டாக்டரு' என்பார்கள். நத்தம் பக்கம் கரடு என்று நாங்கள் சொல்கிற ஒரு கல்குன்றுக்கு மேலே எங்கள் கிளை நிலையம். சுற்றிலும் மாந்தோப்பு, புளியந்தோப்பு, நடுநடுவே வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் மாடு. சினை ஊசி போடுவதுதான் எனக்கு முக்கியமான வேலை. மாடு பருவத்துக்கு வந்தால் சில மணி நேரம்தான் அவகாசம். தவறவிட்டால் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். இருபத்தொன்று என்று நான் சொன்னதுமே ஒத்தப்படையார் எழுந்து நின்றுவிட்டார். "மாட்டுக்குத் தெரியுது பாத்தியா?" என்றார்.

அப்படி ஊசி போடப் போன இடத்தில் ஒரு ஜெர்சி மாடு என் இடது கணுக்காலில் விட்டது ஒரு உதை. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கணுக்கால் மடங்க மறுத்துவிட்டது. கணுக்கால் மடங்காதவன் பைக்கில் கியர் போட முடியாது. ஸ்கூட்டர் வாங்கினேன். அதன் சின்னச் சக்கரம் கல்லில் ஏறும்போதெல்லாம் என்னைக் கீழே தள்ளியது. தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து நிலையத்துக்கு ஆறு கிலோமீட்டர் மண்பாதை. நடுவில் மூச்சுமுட்டி என்று ஒரு ஏற்றம். பெயரை வைத்தவர் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் மேலதிகாரி நல்ல மனுஷி. கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் சொன்னார். "நான் ஒங்கள வெரட்டல. ஆனா நீங்க வர லேட்டாகி மூணு வீட்டுல மாடு பருவம் தப்பிருச்சு. அடுத்த மாசம் முதல் திங்கக்கிழம ஜீப்புல நான் மேல வந்து உக்காந்திருப்பேன். காலைல பத்து மணிக்குள்ள நீங்க உங்க வண்டியில ஏறி வந்துட்டா பேச்சே இல்ல. வரலன்னா ஆபீஸ்ல உக்கார்ற வேலைக்கு மாத்தி எழுதிருவேன். அது ஒங்க காலுக்கும் நல்லது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் பெரிய தொல்லை. பதினான்கு வருஷம் மாட்டோடு பேசிப் பழகியவனுக்கு ஃபைலோடு பேச வராது. அந்தக் கரட்டில் எந்த வீட்டு மாடு எந்தப் பக்கம் உதைக்கும் என்று எனக்குத் தெரியும், ஒன்றைத் தவிர. அந்த வேலை போனால் நான் வெறும் நொண்டி குமாஸ்தா. அன்றைக்கு இப்படித்தான் நினைத்தேன், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

அப்போது கொடைக்கானலில் ஒரு ரிசார்ட்காரர்கள் விருந்தாளிகள் காட்டுப் பாதையில் ஓட்டி விளையாட வைத்திருந்த மின்சார மண்பாதை பைக் ஒன்றை விற்பதாகக் கேள்விப்பட்டு வாங்கினேன். பேட்டரியில் ஓடுவது. கியர் இல்லை, கிளட்ச் இல்லை, இரண்டு பிரேக்கும் கையில். மெலிந்த உடம்பு, பெரிய சக்கரம், மொட்டு மொட்டாக டயர். எனக்காகவே செய்தது மாதிரி இருந்தது. ரோட்டில் ஓட்ட அதற்கு அனுமதி கிடையாது. அதனால் தார்ச்சாலை முடிகிற இடத்தில் இருந்த டீக்கடையில் நிறுத்தி வைத்தேன். அதுவரை பஸ், அதற்கு மேல் பைக் என்று ஏற்பாடு.

முதல் நாள் மூச்சுமுட்டியில் பாதி ஏறியதும் மோட்டார் சூடாகித் தானாக அணைந்துவிட்டது. ஆற வைத்து மறுபடி ஏறினேன். மறுபடி அணைந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. சமதளத்தில் வேகமாக ஓடுவதற்கென்று பல்சக்கரங்களை வைத்திருந்தார்கள். எனக்கு வேகம் வேண்டாம், இழுவைதான் வேண்டும். பின்சக்கரத்தில் இருக்கிற பல்சக்கரம் பெரிதானால் வேகம் குறைந்து இழுவை கூடும். சைக்கிள் மிதித்தவர்களுக்கே தெரிந்த சங்கதிதான். மூன்று சக்கர லோடு ஆட்டோவில் பைக்கை ஏற்றி நாகல் நகருக்குக் கொண்டுவந்தேன். ஆட்டோவைப் பார்த்து ஒத்தப்படையார் திருப்தியாகத் தலையாட்டினார். திங்கட்கிழமைக்கு அப்போது மூன்று வாரம் இருந்தது.

மோட்டாரிலிருந்து பின்சக்கரத்துக்குப் போவது செயின் இல்லை. உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பெல்ட். அவர் அதைக் கழற்றி, ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து எண்ண ஆரம்பித்தார். கோட்டுக்கு வந்து சேர்ந்ததும் பெல்ட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நூத்தி நாப்பத்தெட்டு. இதையா இம்புட்டு நாளு ஓட்டுன?"

"பெல்ட்டுல சத்தமே இல்லண்ணே. கிட்டப் போறவரைக்கும் மாட்டுக்கே தெரியல. மெரளாது."

"சத்தம் போடாத எதையும் நம்பாத. செயினு தேய்ஞ்சா சொல்லிட்டுத் தேயும். பெல்ட்டு சொல்லாமக் கொள்ளாமப் போயிரும்."

"செயினுக்கு எண்ணெ விடணும். மண்ணு ஒட்டும்."

"மண்ணு ஒனக்கு ஒட்டலயா? குளிக்கிறேல்ல, அது மாதிரி அதையும் தொடச்சுக்க." சற்று நேரம் பெல்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இதுல கல்லு ஒண்ணு சொருகுச்சுன்னா மொத்தமும் போச்சு. செயினுல ஒரு கண்ணி போனா அந்த ஒண்ண மட்டும் மாத்திக்கிறலாம். மிச்சமெல்லாம் அதே பழைய ஆளுகதான்."

எனக்குப் பெல்ட்டை விட மனசில்லை. ஆனால் பெரிய பல்சக்கரம் போட்டால் அதற்குத் தகுந்த நீளத்தில் பெல்ட்டும் வேண்டும். விசாரித்தோம். வெளியூரிலிருந்து வர இரண்டு மாசமாகும் என்றார்கள். செயினை வேண்டிய நீளத்துக்கு இங்கேயே வெட்டிக்கொள்ளலாம். எனக்கு வேறு வழியில்லை. செயினுக்குத் தலையாட்டினேன்.

முன்னால் மோட்டாருக்குப் பதினோரு பல். பின்சக்கரத்துக்கு ஐம்பத்தாறு பல்லில் ஒன்று லேத் பட்டறையில் தயாராகவே இருந்தது. லேத்துக்காரர் அதைத் துடைத்து நீட்டினார். ஒத்தப்படையார் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அம்பத்தேழு வெட்டு."

"ஒரு பல்லுல என்னண்ணே ஆகப்போகுது? இது இருக்கே."

"ஒண்ணும் ஆகாதுன்னா வெட்டுறதுக்கென்ன?"

அந்த ஒரு பல்லுக்காக ஒரு வாரம் போனது. நான் தினமும் மாலை பட்டறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். மதியத்தில் போனால் சாப்பிடாமல் விடமாட்டார். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. பிள்ளைகள் இல்லை. அவரும் மதினியும்தான். மதினி என்று நான் கூப்பிடுவது அவர் மனைவியை. மற்ற வீடுகளில் விருந்தாளியும் வீட்டுக்காரரும் சாப்பிட, வீட்டம்மா நின்று பரிமாறுவார்கள். இங்கே அது நடக்காது. "நானும் தம்பியும் ரெண்டு பேரு. ரெட்டப்படை. நீயும் ஒக்காரு" என்பார். மதினி உட்கார்ந்தால்தான் சோற்றில் கை வைப்பார். குழம்பையும் வெஞ்சனத்தையும் நடுவில் வைத்து மூன்று பேரும் போட்டுக்கொண்டு சாப்பிடுவோம். விருந்தாளி இல்லாத நாளில் என்ன செய்வீர்கள் என்று மதினியிடம் கேட்டேன். மூன்றாவதாக ஒரு வெறும் தட்டை வைத்துவிடுவார்களாம். "கழுவுறது நாந்தான்" என்றார்.

ஐம்பத்தேழு பல் வந்து சேர்ந்தது. அடுத்து செயின்.

இந்த இடத்தில் செயினைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அதில் ஒரு கண்ணி உள்ளே அடங்கி இருக்கும், அடுத்த கண்ணி அதை வெளியிலிருந்து பிடித்திருக்கும். உள், வெளி, உள், வெளி என்றே போகும். கடைசியில் இரண்டு முனைகளையும் இணைக்கக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு வெளிக்கண்ணி உண்டு. பட்டறையில் அதற்குப் பெயர் லாக். உள்ளும் வெளியும் ஜோடி ஜோடியாக வருவதால், வட்டமாகச் சேர்ந்த செயினில் கண்ணிகள் எப்போதும் இரட்டைப்படையில்தான் இருக்கும். லாக்கோடு சேர்த்து ஒற்றைப்படை ஆகிவிட்டால், லாக்கும் இன்னொரு வெளிக்கண்ணியும் எதிரெதிரே வந்து நிற்கும். சேராது.

இத்தனை வருஷம் பைக் வேலை பார்த்தவருக்கு இது தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். பெட்டியில் வரும் செயினை எண்ணாமல், பெட்டி மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் அப்படியே மாட்டுவார். "கம்பெனி எண்ணுனது கம்பெனி பாவம்" என்பார். இதுதான் அவரே எண்ணி வெட்டுகிற முதல் செயின். பாவம் முழுக்க அவர் தலையில்தான் விழும். நூறு கண்ணி வெட்டினார். லாக்கோடு நூற்றொன்று. பல்சக்கரங்களில் சுற்றி, இரண்டு முனையையும் கிட்டே கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏதாவது நடக்குமா என்று காத்திருந்தார். எதுவும் நடக்கவில்லை.

"ஒண்ணக் கூட்டிருங்கண்ணே. நூத்திரெண்டா மாட்டிருவோம்."

"செத்த நேரம் இரு."

அந்தச் செத்த நேரம் மூன்று நாள் ஆனது. பட்டறை திறக்கவில்லை. நான்காம் நாள் நாலரை மணிக்குப் போனால், இரும்புத் துண்டை ராவி, ஒரு முனை குறுகலாகவும் மறுமுனை அகலமாகவும் அவரே ஒரு அரைக்கண்ணி செய்து வைத்திருந்தார். ஒரு கண்ணியை எடுத்துவிட்டு இதைப் போட்டால் ஒற்றைப்படையிலேயே செயின் சேரும். சேர்த்தும் காட்டினார். நூற்றொன்று. என் முகத்தைப் பெருமையோடு பார்த்தார். நானும் சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன்.

சனிக்கிழமை காலையில் பைக்கை ஏற்றிக்கொண்டு போய் மூச்சுமுட்டியில் விட்டுப் பார்த்தேன். இழுவை நன்றாகவே இருந்தது. மோட்டார் சூடாகவில்லை. பாதி ஏறினேன், முக்கால் ஏறினேன். உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் டப்பென்று ஒரு சத்தம். அரைக்கண்ணி அறுந்து, செயின் பாம்பு மாதிரி நெளிந்துபோய் முள்ளுச்செடியில் விழுந்தது. நான் பின்பக்கமாகச் சரிந்து முழங்கையைக் கல்லில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மடங்காத காலோடு அந்தப் பைக்கைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறக்க இரண்டு மணி நேரம் ஆனது. வழியில் எதிரில் வந்த ஒருவர், "என்ன டாக்டரே, எறங்குறதுக்கு வாங்குன வண்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பட்டறைக்கு வந்து செயினை அவர் காலடியில் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, நடுங்கும்.

"நாளான்னைக்குத் திங்கக்கிழமண்ணே. பத்து மணிக்கு அந்த அம்மா மேல உக்காந்திருக்கும். நான் ஏறலேன்னா என் வேல போச்சு. ஒங்க ஒத்தப்படைக்கு என் பொழப்பத்தான் பலி குடுக்கணுமா? ஒங்களுக்கு அது ஒரு பித்து. எனக்கு அது சோறு."

அவர் குனிந்து, அறுந்த அரைக்கண்ணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் சொன்னதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மதினி சொம்பில் தண்ணீரும் ஒரு கிண்ணத்தில் மஞ்சளும் கொண்டுவந்தார். என் முழங்கையைக் கழுவி மஞ்சளை அப்பினார். எரிந்தது. அப்பிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"ஏங்க, சீர்த்தட்டு எத்தன வைப்பாக?"

"பதினொண்ணு. வசதியிருந்தா இருபத்தொண்ணு."

"அது எத எண்ணுற கணக்கு? தட்டையா, தூக்கிட்டு வர்றவளுகளையா?"

"தட்டத்தான்."

"நானும் இந்தத் தெருவுல எத்தனையோ வீட்டுக்குச் சீருத் தூக்கியிருக்கேன். என்னய ஒருத்தரும் எண்ணுனதில்ல. ஆனா தூக்குறதுக்கு ஆளில்லேன்னா தட்டு அங்கிட்டுத்தான் கெடக்கும்." மஞ்சள் கையை முந்தானையில் துடைத்தார். "அந்த லாக்கு தட்டா, தூக்குறவளா?"

ஒத்தப்படையார் நிமிர்ந்தார். எதிரே செயின் கிடந்தது.

"தூக்குறவ" என்றார்.

"அப்ப அத என்னத்துக்கு எண்ணுறீக? பைக்குக்கு மட்டும் ஆளச் சேத்து எண்ணத் தெரியுதுல்ல. இதுல ஒண்ண விட்டு எண்ணுங்க. நூத்தியொரு கண்ணி. லாக்கு தனி."

அவர் மனசுக்குள் எண்ணிப் பார்ப்பது உதடு அசைவதில் தெரிந்தது. கடைசியில் செயினைப் பார்த்துப் பேசவில்லை, மதினியைப் பார்த்துப் பேசினார்.

"ஒன்ன எண்ணாம நான் ஒரு நாளும் சோத்துல கை வச்சதில்ல."

"அது சோறு. இது செயினு. வேலயப் பாருங்க" என்று மதினி சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குரல் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது.

அன்று மாலைக்குள் செயின் தயார். நூற்றொரு கண்ணி, உள்ளில் தொடங்கி உள்ளில் முடிந்தது. நடுவில் லாக் ஒரே அழுத்தில் போய் உட்கார்ந்தது. நான் எண்ணியிருந்தால் நூற்றிரண்டு. நான் எண்ணவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு டீக்கடையில் பைக்கை எடுத்தேன். பெல்ட் இருந்தபோது காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். இப்போது கரகரவென்று செயின் பேசிக்கொண்டே வந்தது. மூச்சுமுட்டியில் பாதி, முக்கால், சனிக்கிழமை விழுந்த இடம் எல்லாம் தாண்டி உச்சியில் ஏறியபோது என் கண் கலங்கிவிட்டது. வெளியே சொல்ல வெட்கம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதே முக்காலுக்கு நிலையத்தில் இருந்தேன். மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், என் முழங்கையைப் பார்த்தார், "டீ குடிங்க" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

செயின் சத்தத்தைப் பற்றி நான் பயந்ததெல்லாம் வீண். மாடுகள் மிரளவில்லை. கரட்டுக்குக் கீழே நான் வரும்போதே வீட்டுக்காரர்கள் சத்தத்தைக் கேட்டு, ஊசி போட வேண்டிய மாட்டை மரத்தில் கட்டித் தயாராக நிறுத்த ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரம் மிச்சம்.

பல மாதம் கழித்து பைக்கைப் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது, லேத்துக்காரர் பின்சக்கரத்தின் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார். "எல்லாப் பல்லும் ஒண்ணு போல தேஞ்சிருக்கே. பல்லு ஒத்தப்படையா இருந்தா ஒரு பல்லுல உள்கண்ணியே திரும்பத் திரும்ப விழாதுண்ணே. உள்ளும் வெளியும் மாறி மாறித்தான் விழும். வெவரமாத்தான் அம்பத்தேழு கேட்ருக்கீக." எந்தக் கூட்டத்திலும் மாலை விழாத மனிதருக்கு விழுந்த முதல் மாலை. ஒத்தப்படையார் அதைச் சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டார். தன் பக்கம் நியாயம் இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "காரணம் இருந்துட்டுப் போகட்டும். அதுக்காக வைக்கல" என்றார்.

போன வருஷம் ஒரு காலையில், பட்டறையைத் திறக்க எழுந்தவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். மதினி தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. நான் மேலிருந்து இறங்கி வந்து சேரும்போது தெருவே கூடியிருந்தது. வேப்பமரத்தடியில் மூன்று ஸ்டூலும் காலியாக இருந்தன.

மறுநாள் சாயங்காலம் உறவுக்காரர்கள் உட்கார்ந்து காரியத்துக்கு நாள் பார்த்தார்கள். அவருடைய பெரியப்பா மகன்தான் மூத்தவர். "பதினாறாம் நாளு செஞ்சிருவோம். அதுதான மொறை" என்றார்.

மதினி அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "பதினாறு வேணாம்" என்றார்.

"ஏம்மா?"

"அவரு பதினாறுக்கு வரமாட்டாரு."

துக்கத்தில் ஏதோ பேசுகிறது பாவம் என்று பெண்கள் மதினியின் முதுகைத் தடவினார்கள். பெரியப்பா மகன் பொறுமையாக, மொறையை மாற்றினால் ஊர் நாலு விதமாகப் பேசும் என்று எடுத்துச் சொன்னார். நாலு என்று அவர் சொன்னதும் மதினி என்னைப் பார்த்தார். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மதினி, அவரு போன அந்த நாளையும் சேத்து எண்ணுனாத்தான் பதினாறு. அந்த நாள எண்ணாதீங்க."

மதினியின் உதடு அசைந்தது. எண்ணிப் பார்க்கிறார் என்று தெரிந்தது, அவரை மாதிரியே.

"பதினஞ்சு" என்றார்.

"அப்ப அந்த நாளு?" என்று பெரியப்பா மகன் புரியாமல் கேட்டார்.

"அது தனி" என்றார் மதினி.

காரியம் உறவுக்காரர்களுக்குப் பதினாறாம் நாளிலும் எங்கள் இரண்டு பேருக்குப் பதினைந்தாம் நாளிலும், ஒரே நாளில் நடந்தது. பைக்கில் இப்போது மூன்றாவது செயின் ஓடுகிறது. மாதத்தில் ஒரு ஒற்றைத் தேதி பார்த்து நாகல் நகருக்குச் சாப்பிடப் போகிறேன். மதினி மூன்று தட்டு வைக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் மூன்றையும் நான் கழுவி வைக்கிறேன். நாட்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அவர் போன அந்த ஒரு நாளை மட்டும் நாங்கள் இன்னும் எண்ணவில்லை.